1967: பீட்டில்ஸை மறித்த மெட்ராஸ்காரர்

கேள்வி இதுதான்: "1967-ஐ பிரிட்டிஷ் பாப் இசையின் பொற்காலம் என்கிறார்கள். பீட்டில்ஸ், ஜிமி ஹென்ட்ரிக்ஸ், பிங்க் ஃபிளாய்ட் என்று எல்லோரும் கலக்கிய வருடம். ஆனால் அந்த வருடத்தின் விற்பனைப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் என்ற பாடகர்தான் உச்சியில் இருக்கிறார். பட்டியலில் ஏதாவது தில்லுமுல்லு நடந்ததா, இல்லை நாம் கேட்டு வந்த வரலாறு தப்பா?"

பட்டியலும் சரி, பொற்காலம் என்பதும் சரி. அந்த வருடம் பிரிட்டனில் இசைத்தட்டு வாங்கியவர்களில் பதினாறு வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள், அவர்களுடைய அம்மாக்களும் இருந்தார்கள். இருவரும் ஒரே கடையில், ஒரே கவுண்டரில் காசு கொடுத்தார்கள். பின்னாளில் வரலாறு எழுதியவர்கள் பிள்ளைகள். அதனால் அம்மாக்கள் வாங்கியது புத்தகங்களில் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது. பட்டியல் அப்படிச் சுருக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அந்த மோதலைப் பார்த்துவிடுவோம். 1963-இல் தொடங்கி பீட்டில்ஸின் 11 சிங்கிள்கள் (பக்கத்துக்கு ஒரு பாட்டாக வரும் சின்னத் தட்டுகள்) வரிசையாக முதலிடம் பிடித்திருந்தன. 1967 பிப்ரவரி 17-ஆம் தேதி அவர்கள் 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்', 'பென்னி லேன்' இரண்டையும் ஒரே தட்டின் இரு பக்கங்களாக வெளியிட்டார்கள். பாப் வரலாற்றில் வெளிவந்த மிகச் சிறந்த சிங்கிள் அதுதான் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். நானும் அந்தக் கட்சிதான். அது இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. மேலே ஏறவிடாமல் மார்ச் தொடக்கத்திலிருந்து ஆறு வாரம் உட்கார்ந்திருந்த பாட்டு 'ரிலீஸ் மீ'. பாடியவர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க்.

இந்த எங்கல்பர்ட் நம் ஊரில் பிறந்தவர். 1936 மே 2-ஆம் தேதி மெட்ராஸில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஆர்னால்ட் ஜார்ஜ் டார்சி. அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். பையனுக்குப் பத்து வயது இருக்கும்போது குடும்பம் இங்கிலாந்தில் லெஸ்டருக்குக் குடிபெயர்ந்தது. முதலில் சாக்ஸஃபோன் கற்றுக்கொண்டார், அப்புறம் பாடத் தொடங்கினார். கெர்ரி டார்சி என்ற பெயரில் வருடக்கணக்கில் கிளப் கிளப்பாகப் பாடியும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. நடுவில் காசநோய் வேறு வந்து படுத்துவிட்டார். 1965-இல் பழைய நண்பர் கார்டன் மில்ஸ் அவருக்கு மேனேஜரானார். பாடகர் டாம் ஜோன்ஸை மேலே கொண்டுவந்தவரும் இதே மில்ஸ்தான். 'ஹான்சலும் கிரெடலும்' ஓபராவை எழுதிய 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளரின் பெயரை அப்படியே எடுத்து இவருக்குச் சூட்டினார். ஒரு முறை கேட்டால் மறக்காத பெயர், அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

'ரிலீஸ் மீ' புதுப் பாட்டு கிடையாது. அமெரிக்க நாட்டுப்புற கன்ட்ரி வகைப் பாட்டு. 1950-களிலேயே ரே பிரைஸ் பாடி அங்கே ஹிட் ஆனது. எங்கல்பர்ட்டின் தட்டு பெரிதாக ஓடியதற்குக் காரணம் ஒரு டிவி நிகழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் லண்டன் பல்லேடியம் அரங்கிலிருந்து ஒளிபரப்பாகும் பல்சுவை நிகழ்ச்சியை நாடே குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும். ஒரு வாரம் பாட வேண்டிய டிக்கி வாலன்டைனுக்கு உடம்பு சரியில்லாமல் போக, அந்த இடம் எங்கல்பர்ட்டுக்குக் கிடைத்தது. அதன் பிறகு கடைகளில் தட்டு பறந்தது. 1967-இல் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற சிங்கிள் இதுதான், பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. பட்டியலில் தொடர்ந்து 56 வாரம் இருந்தது. ஒரு வருடத்துக்கும் மேல்! இதே தட்டின் பின்பக்கத்தில் இருந்த 'டென் கிட்டார்ஸ்' பாட்டை பிரிட்டனில் யாரும் கண்டுகொள்ளவில்லை. நியூசிலாந்தில் அது வீட்டு விசேஷங்களில் எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டாகிவிட்டது.

அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ராக் ரசிகர்கள் அரை நூற்றாண்டாக அந்தப் பாட்டைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள், கேட்டவர்கள் எத்தனை பேரோ. தணிந்த குரலில் தொடங்குகிறார், கடைசிச் சரணத்தில் சுருதி ஒரு படி ஏற, குரலும் சிரமமே இல்லாமல் கூடவே ஏறுகிறது. தேர்ந்த பாடகரின் வேலை அது. செப்டம்பரில் 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' வந்து ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது, அதுவும் பத்து லட்சம் தாண்டியது. இரண்டுக்கும் நடுவே இன்னொரு பாட்டு இரண்டாம் இடம் வரை போனது. ஆக, 1967-இன் 52 வாரங்களில் 11 வாரம் எங்கல்பர்ட் முதலிடம். பீட்டில்ஸுக்கு அந்த வருடத்துக்குள் கிடைத்தது 7 வாரம்.

இப்போது தோற்ற தட்டுக்கு வருகிறேன். அது எப்படி உருவானது என்று தெரிந்தால்தான் அந்த இரண்டாம் இடத்தின் வலி புரியும். 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ்' பாட்டை 1966 நவம்பரில் அபே ரோட்டில், அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனமான இஎம்ஐயின் ஸ்டூடியோவில் தொடங்கினார்கள். முதலில் குழு மட்டும் மெலட்ரான் என்ற கீபோர்டோடு வாசித்து மென்மையான ஒரு வடிவம் பதிவானது. ஜான் லெனனுக்குத் திருப்தியில்லை. அதனால் செல்லோவும் டிரம்பெட்டும் சேர்த்து, வேகத்தைக் கூட்டி, கனமான இன்னொரு வடிவம் எடுத்தார்கள். அதையும் கேட்டுவிட்டு லெனன் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினிடம் சொன்னது: முதல் வடிவத்தின் தொடக்கமும் இரண்டாவதன் முடிவும் பிடித்திருக்கிறது, சேர்த்துவிடுங்கள். இரண்டும் வேறு வேறு சுருதி, வேறு வேறு தாளகதி. கம்ப்யூட்டர் இல்லாத காலம். மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்கும் ஒரு நாடாவின் ஓட்டத்தைக் கூட்டி, மற்றதைக் குறைத்துப் பார்த்தார்கள். வேகம் மாறினால் சுருதியும் கூடவே மாறும் இல்லையா? ஒரு புள்ளியில் இரண்டும் ஒத்துப்போயின. கத்தரித்து ஒட்டினார்கள். பாட்டு தொடங்கிச் சரியாக ஒரு நிமிடம் ஆகும்போது கவனியுங்கள்: லெனனின் குரல் திடீரென்று கொஞ்சம் தடித்து, தூக்கக் கலக்கம் போலாகும். கீழே செல்லோக்கள் நுழையும். அதுதான் ஒட்டு. தெரிந்த பிறகும் அது உறுத்தாது, பாட்டின் கனவுத்தன்மையே அங்கேதான் பிறக்கிறது.

'பென்னி லேன்' கதையும் குறைந்ததில்லை. பாட்டு கிட்டத்தட்ட முடிந்த நிலையில், பால் மெக்கார்ட்னி ஒரு நாள் டிவியில் ஜெர்மன் இசைமேதை பாக்கின் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோ ஒன்றைப் பார்த்தார். அதில் மிக உயரமாக ஒலித்த சின்ன டிரம்பெட்டைக் கேட்டு அது என்ன வாத்தியம் என்று மார்ட்டினிடம் விசாரித்தார். பிக்கலோ டிரம்பெட். அதை அன்று வாசித்த டேவிட் மேசனையே ஸ்டூடியோவுக்கு வரவழைத்து, மெக்கார்ட்னி வாயால் பாடிக்காட்ட, மார்ட்டின் ஸ்வரம் எழுத, மேசன் ஊதினார்.

இந்த இரண்டு பாட்டும் அடுத்து வரவிருந்த 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்துக்காகத் தொடங்கியவை. நீண்ட நாளாகப் புதுத் தட்டு எதுவும் வரவில்லையே என்று நிறுவனமும் மேனேஜர் பிரையன் எப்ஸ்டைனும் நெருக்கியதால் சிங்கிளாகக் கொடுத்துவிட்டார்கள். சிங்கிளாக வந்ததை ஆல்பத்தில் மறுபடி சேர்க்கக் கூடாது என்பது அவர்கள் வைத்திருந்த வழக்கம், ரசிகர்களிடம் ஒரே பாட்டுக்கு இரண்டு முறை காசு வாங்கக் கூடாது என்பதற்காக. ஆல்பத்தில் அவற்றை விட்டதுதான் தன் தொழில் வாழ்க்கையின் பெரிய தவறு என்று மார்ட்டின் பின்னாளில் வருந்தியிருக்கிறார்.

தில்லுமுல்லு விஷயத்துக்கு வருவோம். 1967-இல் பிரிட்டனில் அதிகாரபூர்வமான பட்டியல் என்று ஒன்றே கிடையாது. 1952 நவம்பரில் நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ் பத்திரிகையைச் சேர்ந்த பெர்சி டிக்கின்ஸ் இருபது கடைகளுக்குப் போன் போட்டு, இந்த வாரம் எது அதிகம் விற்றது என்று கேட்டு முதல் பட்டியலைத் தயாரித்தார். அப்புறம் மெலடி மேக்கர் தனியாக ஒன்று போட்டது. 1960-இலிருந்து ரெக்கார்ட் ரீடெய்லர் என்ற வியாபாரப் பத்திரிகையும் போட்டது. கடைகள் வேறு, எண்ணிக்கை வேறு, கணக்கிடும் முறையும் வேறு. பிபிசி இவற்றையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்துத் தனக்கென ஒரு பட்டியல் வைத்துக்கொண்டது. 1969 பிப்ரவரியில்தான் பிபிசியும் ரெக்கார்ட் ரீடெய்லரும் சேர்ந்து, பிரிட்டிஷ் மார்க்கெட் ரிசர்ச் பீரோ என்ற நிறுவனத்திடம் பொதுவான ஒரே பட்டியல் வேலையை ஒப்படைத்தன.

அதற்கு முந்தைய வருடங்களுக்கு இன்று நாம் 'அதிகாரபூர்வம்' என்று பார்ப்பது, 1960 முதல், ரெக்கார்ட் ரீடெய்லரின் பட்டியல். பின்னால் வந்தவர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 1967-இல் வாழ்ந்த ஒரு பையன் மெலடி மேக்கர் வாங்குகிறவனாக இருந்தால், அவனுக்கு 'பென்னி லேன்' முதலிடத்தில்தான் இருந்தது, அதுவும் மூன்று வாரம்! 1963-இன் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'க்கும் இதே கதிதான்: வேறு பத்திரிகைகளில் முதலிடம், ரெக்கார்ட் ரீடெய்லரில் இரண்டாமிடம். எனவே "பீட்டில்ஸ் தோற்றார்கள்" என்பது ஒரு பட்டியலின் கூற்று.

குறைவான கடைகளைக் கேட்டுப் போடும் பட்டியலில் கடைப் பெயர் தெரிந்தவர்கள் தட்டுகளை மொத்தமாக வாங்கி ஒரு பாட்டை மேலே தள்ள முடியும். அந்தக் காலத்தில் அப்படிப் புகார்கள் இருந்தன. ஆனால் அந்த வித்தை ஒரு பாட்டை நாற்பதிலிருந்து முப்பதுக்குக் கொண்டுபோகலாம். பத்து லட்சத்துக்கு மேல் விற்று 56 வாரம் நின்ற ஒன்றை யாராலும் அப்படிச் செய்திருக்க முடியாது. 'ரிலீஸ் மீ'யை ஜனங்கள் உண்மையாகவே வாங்கினார்கள்.

அந்த ஜனங்கள் யார் என்று பார்க்க, மற்ற முதலிடங்களைக் கவனித்தால் போதும். வருடம் பிறக்கும்போது டாம் ஜோன்ஸின் 'கிரீன் கிரீன் கிராஸ் ஆஃப் ஹோம்'. அடுத்து மங்கீஸ், அமெரிக்க டிவி தொடருக்காகச் சேர்த்த குழு. அந்தத் தொடர் பிபிசியில் வந்த சில வாரத்திலேயே 'ஐம் எ பிலீவர்' மேலே வந்தது. அடுத்து பெட்டுலா கிளார்க் பாடிய 'திஸ் இஸ் மை சாங்', எழுதியவர் சாட்சாத் சார்லி சாப்ளின். எங்கல்பர்ட்டுக்குப் பிறகு ஃபிராங்க் சினாட்ராவும் மகள் நான்சியும். அப்புறம் 'பப்பட் ஆன் எ ஸ்ட்ரிங்'. ஏப்ரலில் வியன்னாவில் நடந்த யூரோவிஷன் என்ற ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியில் சாண்டி ஷா வெறுங்காலோடு பாடி பிரிட்டனுக்கு முதல் வெற்றி வாங்கித் தந்த பாட்டு. அவருக்கே அந்தப் பாட்டு பிடிக்காது என்பதை அவர் மறைத்ததில்லை. ஜூன் வரைக்கும் இப்படித்தான். பூப்போட்ட சட்டை, சைக்கெடெலிக் வெளிச்சம் எதுவும் உச்சியில் கிடையாது.

ஜூனில் காற்று மாறியது. புரோக்கல் ஹாரம் என்ற, அதுவரை யாரும் கேள்விப்படாத குழுவின் 'எ வொய்ட்டர் ஷேட் ஆஃப் பேல்' மேலே வந்து ஆறு வாரம் இறங்கவில்லை. கீத் ரீட் எழுதிய வரிகளுக்கு நேரடியான அர்த்தம் தேடினால் கிடைக்காது. கேரி புரூக்கர் பாட, பின்னால் மேத்யூ ஃபிஷரின் ஹாமண்ட் ஆர்கன், பாக்கின் சாயலோடு இறங்கி இறங்கி வரும். தேவாலயத்தில் கேட்கிற மாதிரியும் இருக்கும், நள்ளிரவு கிளப்பில் கேட்கிற மாதிரியும் இருக்கும். அந்த ஆர்கன் வாசிப்பும் பாட்டின் படைப்பில் ஒரு பங்குதான் என்று ஃபிஷர் பிற்காலத்தில் வழக்குப் போட்டார். 2009-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையே அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நாற்பது வருடம் கழித்துக் கிடைத்த நியாயம். அந்த ஆர்கனை எடுத்துவிட்டு அந்தப் பாட்டை நினைத்துப் பாருங்கள், ஃபிஷர் கேட்டதில் தப்பே இல்லை என்று தோன்றும்.

ஜூலையில் 'ஆல் யூ நீட் இஸ் லவ்'. ஜூன் 25-ஆம் தேதி 14 நாடுகள் சேர்ந்து செயற்கைக்கோள் வழியாக 'அவர் வேர்ல்ட்' என்ற நேரடி நிகழ்ச்சி நடத்தின. அதில் பிரிட்டனின் பங்காக பீட்டில்ஸ் ஸ்டூடியோவில் உட்கார்ந்து பாடியதுதான் இது. கூட்டத்தோடு கூட்டமாகத் தரையில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் அவர் போதைப்பொருள் வழக்கில் விசாரணையை எதிர்நோக்கியிருந்தார் என்பது நினைவில் இருக்கட்டும். ஆகஸ்டில் ஸ்காட் மெக்கன்சியின் 'சான் ஃபிரான்சிஸ்கோ'. அந்த மூன்று மாதம்தான் இன்று நாம் '1967' என்று நினைக்கிற 1967. செப்டம்பரில் எங்கல்பர்ட் திரும்பி வந்துவிட்டார்.

ஆல்பங்களைப் பார்த்தால் வேறு கதை கிடைக்குமா என்று கேட்பீர்கள். இளைஞர்கள் ஆல்பத்துக்கு மாறிவிட்டார்கள், சிங்கிளை அம்மாக்களிடம் விட்டுவிட்டார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. பாதிதான் சரி. 'சார்ஜென்ட் பெப்பர்' ஜூன் தொடக்கத்தில் வந்து தொடர்ந்து 23 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஹென்ட்ரிக்ஸின் முதல் ஆல்பம் அதற்குக் கீழே இரண்டாம் இடத்தில் முட்டி நின்றது. பிங்க் ஃபிளாய்டின் முதல் ஆல்பமும் அதே அபே ரோட்டில், பீட்டில்ஸுக்குப் பக்கத்து ஸ்டூடியோவில் பதிவாகி, ஆறாம் இடம் வந்தது. சரி, 23 வாரத்துக்குப் பிறகு நவம்பரில் 'சார்ஜென்ட் பெப்பரை' இறக்கிய ஆல்பம் எது தெரியுமா? 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படப் பாடல்கள்! 1965-இல் வந்த தட்டு, இரண்டு வருடம் கழித்தும் திரும்பத் திரும்ப மேலே ஏறிக்கொண்டிருந்தது. 1967 முழுவதும் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பார்த்தவை நான்கே நான்கு: மங்கீஸின் இரண்டு, பீட்டில்ஸ் ஒன்று, இந்தப் படம். அம்மாக்கள் ஆல்பமும் வாங்கினார்கள்.

'சார்ஜென்ட் பெப்பர்' பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது, இரண்டு விஷயம் மட்டும். நான்கு தடங்கள் கொண்ட நாடா இயந்திரத்தில், நான்கும் நிறைந்ததும் வேறொரு நாடாவின் ஒரு தடத்தில் அதைச் சுருக்கி, மறுபடி மேலே மேலே பதிந்து செய்த ஆல்பம் அது. இரண்டாவது, நம் பக்கத் தொடர்பு. ஜார்ஜ் ஹாரிசனின் 'விதின் யூ விதவுட் யூ' பாட்டில் தில்ருபா, தபலா, தம்புரா, ஸ்வரமண்டல் எல்லாம் ஒலிக்கும். வாசித்தவர்கள் லண்டனில் இருந்த ஆசியன் மியூசிக் சர்க்கிள் என்ற அமைப்பின் வழியாக வந்த இந்தியக் கலைஞர்கள். மற்ற பீட்டில்ஸ் யாரும் அதில் இல்லை. அட்டைப் படத்துக்காக பீட்டர் பிளேக், ஜேன் ஹாவர்த் இருவரும் அடுக்கிய முகங்களில் காந்தியும் இருந்தார். இந்தியாவில் மனம் புண்படும், அங்கே தட்டை விற்க முடியாது என்று இஎம்ஐ தலைவர் சர் ஜோசப் லாக்வுட் சொன்னதால் அவரை எடுத்துவிட்டார்கள்.

இனி வானொலி. இதை விட்டால் 1967 புரியாது. அப்போது பிரிட்டனில் வானொலி என்றால் பிபிசி மட்டும்தான். இசைத்தட்டு நிறுவனங்களோடும் இசைக்கலைஞர் சங்கத்தோடும் இருந்த ஒப்பந்தப்படி ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் தட்டுகளைப் போடலாம். மீதி நேரத்தில் பிபிசியின் வாத்தியக் குழுக்கள் அந்த ஹிட் பாட்டுகளைத் தாங்களே வாசித்துக் காட்டும். பீட்டில்ஸ் பாட்டை நடன இசைக் குழு வாசித்தால் எப்படி இருக்கும்? இந்த இடைவெளியில் நுழைந்தவைதான் கடற்கொள்ளை வானொலிகள். 1964 ஈஸ்டரில் ரேடியோ கரோலைன், அந்த வருடக் கடைசியில் ரேடியோ லண்டன். எசெக்ஸ் கரைக்கு அப்பால், நாட்டின் எல்லைக்கு வெளியே கப்பலை நிறுத்தி நாள் முழுக்கத் தட்டுகளைச் சுழற்றினார்கள். ஜான் பீல், கென்னி எவரெட், டோனி பிளாக்பர்ன் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள்தான்.

அவர்களைப் புனிதர்கள் என்று நான் சொல்லமாட்டேன். காசு வாங்கிக்கொண்டு பாட்டுப் போடுவதும் நடந்தது. ரேடியோ கரோலைனில் பங்குதாரராக வந்த ஃபில் சாலமன் தன் சொந்த இசைத்தட்டு நிறுவனமான மேஜர் மைனரின் பாட்டுகளை ஓயாமல் ஒலிக்கச் செய்தார். டேவிட் மெக்வில்லியம்ஸின் 'டேஸ் ஆஃப் பேர்லி ஸ்பென்சர்' அப்படித்தான் திரும்பத் திரும்ப ஓடியது. அருமையான பாட்டு, ஐரோப்பாவில் ஹிட், பிரிட்டிஷ் பட்டியலில் மட்டும் நுழையவே இல்லை. காதில் ஓதிக்கொண்டே இருந்தால் வாங்கிவிடுவார்கள் என்பதும் உண்மையில்லை.

ஹரால்ட் வில்சன் அரசு கொண்டுவந்த கடல் ஒலிபரப்புச் சட்டம் ஆகஸ்ட் 14 நள்ளிரவோடு அமலுக்கு வந்தது. அந்தக் கப்பல்களுக்குச் சரக்குக் கொடுப்பதும், விளம்பரம் கொடுப்பதும், அவற்றில் வேலை பார்ப்பதும் பிரிட்டிஷ் குடிமக்களுக்குக் குற்றமானது. ரேடியோ லண்டன் அன்று பிற்பகல் 3 மணிக்கு நிறுத்திக்கொண்டது. கடைசியாக ஒலித்த பாட்டு 'எ டே இன் த லைஃப்', பிபிசி தடை செய்திருந்த பீட்டில்ஸ் பாட்டு. கரோலைன் மட்டும் சட்டத்தை மீறி அடுத்த மார்ச் வரை ஓடியது.

அரசு கதவை மூடியது, பிபிசி ஜன்னலைத் திறந்தது. செப்டம்பர் 30 காலை 7 மணிக்கு ரேடியோ 1 தொடங்கியது. ஒலிபரப்பைத் தொடங்கியவர் கப்பலிலிருந்து வந்த டோனி பிளாக்பர்ன். முதல் பாட்டு, தி மூவ் குழுவின் 'ஃபிளவர்ஸ் இன் த ரெய்ன்'. அந்தப் பாட்டை விளம்பரப்படுத்த அவர்களுடைய மேனேஜர் பிரதமர் வில்சனை ஆபாசமாக வரைந்த அஞ்சலட்டையை அச்சிட்டுப் பரப்பியிருந்தார். வில்சன் வழக்குப் போட்டு ஜெயித்தார். பாட்டின் ராயல்டி முழுவதும் என்றென்றைக்கும் தர்ம காரியங்களுக்கே போக வேண்டும் என்று முடிவானது. பாட்டை எழுதிய ராய் வுட்டுக்கு அந்த அஞ்சலட்டையில் எந்தச் சம்பந்தமும் இல்லை. மேனேஜர் செய்ததற்கு அவர் காலமெல்லாம் விலை கொடுத்தார். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

ரேடியோ 1-இன் வேகம் உடனே பட்டியலில் தெரிந்தது. கப்பல்கள் போடாத பாட்டு எதுவும் இருக்கிறதா என்று பிபிசி தேடியபோது, சில வாரம் முன்னால் வந்து கவனிப்பாரில்லாமல் கிடந்த ஒரு தட்டு சிக்கியது: தி ஃபவுண்டேஷன்ஸ் குழுவின் 'பேபி நவ் தட் ஐ ஹவ் ஃபவுண்ட் யூ'. நவம்பரில் அது முதலிடம். கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்களும் வெள்ளையர்களும் சேர்ந்திருந்த குழு. ஆர்கன் வாசித்த டோனி கோம்ஸ் இலங்கையிலிருந்து போனவர். இப்படிப்பட்ட ஒரு குழு பிரிட்டனில் முதலிடம் பிடிப்பது அந்நாளில் சின்ன விஷயமில்லை. அடுத்து அதை இறக்கி மேலே வந்த லாங் ஜான் பால்ட்ரியின் பாட்டையும் எழுதியவர்கள் அதே டோனி மெக்காலேயும் ஜான் மெக்லியோடும்தான்.

எங்கல்பர்ட் உலகமும் ஹென்ட்ரிக்ஸ் உலகமும் தனித்தனி என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். மார்ச் 31-ஆம் தேதி வடக்கு லண்டனில் ஃபின்ஸ்பரி பார்க் அஸ்டோரியா அரங்கில் ஒரு சுற்றுப்பயணம் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஒரே டிக்கெட்டில் நாலைந்து பேரைச் சேர்த்துவிடுவார்கள். அன்றைய மேடையில் வாக்கர் பிரதர்ஸ், கேட் ஸ்டீவன்ஸ், எங்கல்பர்ட், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ். எங்கல்பர்ட் அந்த வாரம் நாட்டின் முதலிடத்துக்காரர். பத்திரிகையாளர் கீத் ஆல்தம் கொடுத்த யோசனைப்படி, ஹென்ட்ரிக்ஸ் தன் கிட்டாரின் மீது லைட்டர் எண்ணெயை ஊற்றிக் கொளுத்தினார். அவர் மேடையில் கிட்டார் எரித்த முதல் முறை அது. கையில் சூடும் பட்டுக்கொண்டார். 'ரிலீஸ் மீ' கேட்க வந்தவர்களும் அதே அரங்கில்தான் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் தனித்தனி டிக்கெட் வாங்கவில்லை. அந்த வருடத்துப் பட்டியலும் அப்படித்தான்.

எங்கே தொடங்கிக் கேட்பது என்பதற்கு என் யோசனை: முதலிடங்களை விட்டுவிட்டு இரண்டாம் இடங்களை வரிசையாகக் கேளுங்கள். ஜனவரியில் கேட் ஸ்டீவன்ஸின் 'மேத்யூ அண்ட் சன்'. மார்ச்சில் மேலே சொன்ன பீட்டில்ஸ் தட்டு. மே மாதம் கிங்க்ஸ் குழுவின் 'வாட்டர்லூ சன்செட்', லண்டன் நகரத்துக்கு அதன் பாடகர் ரே டேவிஸ் எழுதிய காதல் கடிதம். அதை மறித்தது ட்ரெமெலோஸின் 'சைலன்ஸ் இஸ் கோல்டன்'. 1962-இல் டெக்கா நிறுவனம் பீட்டில்ஸை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சேர்த்துக்கொண்ட குழு அது. இலையுதிர் காலத்தில் கீத் வெஸ்ட் பாடிய 'டீனேஜ் ஓபரா'ப் பகுதி, தி மூவின் அதே 'ஃபிளவர்ஸ் இன் த ரெய்ன்', டிராஃபிக் குழுவின் 'ஹோல் இன் மை ஷூ' எல்லாமே இரண்டு. அந்த வருடத்தின் துணிச்சலான பாட்டுகளில் பாதி அந்த வரிசையில் இருக்கிறது.

வருடக் கடைசியில் பீட்டில்ஸ் 'மேஜிகல் மிஸ்ட்ரி டூர்' படத்தின் ஆறு பாட்டுகளை இரண்டு சின்னத் தட்டுகளாக, படப் புத்தகத்தோடு சேர்த்து 19 ஷில்லிங் 6 பென்ஸுக்கு விற்றார்கள். ஒரு சிங்கிளின் விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். டிசம்பர் 26-ஆம் தேதி பிபிசி அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் காட்டியபோது பார்த்தவர்கள் குழம்பிப்போனார்கள், பத்திரிகைகள் கிழித்தெடுத்தன. ஆனாலும் அந்த விலை கூடின தட்டு சிங்கிள் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. அதற்கு மேலே ஏழு வாரம் அசையாமல் இருந்தது 'ஹலோ, குட்பை', அதுவும் பீட்டில்ஸ் பாட்டுதான்.